பழைய வண்டியும் பழுதற்ற சொல்லும்

(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘விற்பவர் அறம்’ என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். தலைமுறை தலைமுறையாக வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட பெருமக்கள் நிறைந்த அவை இது. கரும்பலகையின் முன்னே வாழ்நாளைக் கழித்த ஒரு தமிழாசிரியன் இங்கு வந்து வணிகம் பேசுவது, கொல்லர் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஆகவே, உங்கள் கடைத்தெருவை விட்டு வெகு தொலைவில் உள்ள ஒரு சந்தைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கூரை மடங்கும் பழைய மோட்டார் வண்டிகள் விற்கப்படும் சந்தை அது. அவற்றுள்ளும், உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சில வண்டிகள் கைமாறிய வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

தமிழாசிரியருக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். காரணம் இருக்கிறது. அரிசி வாங்குபவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். பொன் வாங்குபவருக்கு உரைகல் உண்டு. இந்நாளில் தர முத்திரையும் உண்டு. அன்றன்றைய விலை நாளிதழில் வெளிவருகிறது. விற்பவர் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் அடுத்த கடைக்காரர் அதைத் திருத்திவிடுவார். ஆனால், உலகில் ஒன்றே ஒன்றாகவோ ஐந்தாறாகவோ மட்டும் உள்ள ஒரு பொருளை விற்கும்போது, அடுத்த கடை என்பதே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் இல்லை. அது எங்குப் பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, எங்கெங்கே அடிபட்டது, எந்தெந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பவற்றை அறிந்தவர் பெரும்பாலும் ஒருவரே. பொருள் அரிதாக ஆக, சொல்லுக்கு நிறை கூடுகிறது. வாய்மையின் எடையை அறிய விரும்புவோர் அரிய பொருளின் விற்பனையைக் காண வேண்டும் என்பது என் எண்ணம்.

திறந்த வண்டி அரிதான காரணம்

முதலில் இவ்வண்டியின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். ‘கன்வர்ட்டிபிள்’ என்று வழங்கப்பெறுவது, துணியாலான கூரையைப் பின்புறம் மடக்கி வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தவாறே செல்லத்தக்க வண்டி. 1920களிலும் 1930களிலும் மேனாட்டுப் பெருஞ்செல்வர் வண்டி வாங்கிய முறை இன்றைய முறை போன்றதன்று. சேஸிஸையும் எஞ்சினையும் ஒரு தொழிற்சாலையில் வாங்குவர். மேலே அமையும் உடலை வேறொரு பட்டறையில் தம் விருப்பப்படி கட்டுவித்துக்கொள்வர். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டுவதையும், கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுவதையும் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, ஒரே நிறுவனத்தின் ஒரே வகை வண்டிகளாயினும் ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

அவற்றுள் கூரை மடங்கும் வண்டிகள் தொடக்கத்திலேயே குறைவாகச் செய்யப்பட்டன. செய்யப்பட்டவற்றையும் காலம் எளிதில் அழித்தது. துணிக்கூரை நைந்து கிழியும், மழைநீர் உள்ளே இறங்கும், தரைத்தகடு துருப்பிடிக்கும், கதவுகளைத் தாங்கும் மரச்சட்டம் இற்றுப்போகும். எஞ்சியவை சிலவே, அவற்றை விரும்புவோரோ பலர். விலை ஏறுவதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

விலை ஏறும் இடத்தில் ஆசையும் ஏறும். இத்தாலி நாட்டு ஃபெராரி நிறுவனம் 1960களின் இறுதியிலிருந்து 1973 வரை ‘டேடோனா’ எனப் பெயர் பெற்ற வண்டியைச் செய்து விற்றது. மூடிய கூரை உடையவை ஆயிரத்துக்கும் மேல். திறந்த கூரை உடையவை ஏறத்தாழ 120 மட்டுமே. திறந்த வண்டிக்கு மதிப்பு மிகுந்ததைக் கண்ட சிலர், மூடிய வண்டியின் கூரையை அறுத்து நீக்கித் துணிக்கூரை பொருத்தினர். அவ்வாறு மாற்றுவதில் குற்றமில்லை; வண்டி அவரவர் உடைமை. ‘பின்னாளில் கூரை நீக்கப்பட்டது’ என்னும் மூன்று சொற்களைச் சொல்லி விற்றால் அது நேர்மையான வணிகம். அந்த மூன்று சொற்களை விழுங்கிவிட்டு விற்றால், அதே வண்டி, அதே வண்ணம், அதே எஞ்சின், பொய்ப்பொருளாகிவிடுகிறது. இரும்பில் யாதொரு மாற்றமும் இல்லை. சொல்லில் மட்டுமே மாற்றம். சேஸிஸில் பொறித்த எண்ணைத் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பவர்களுக்கு உண்மை தெரிந்துவிடும் என்பது வேறு செய்தி. பார்க்கத் தெரியாதவர்களுக்கு விற்பவர் வாய்ச்சொல்லே பதிவேடு.

ஒரு மருத்துவர் வாங்கிய வண்டி

இனி ஒரு குறிப்பிட்ட வண்டியின் வரலாற்றுக்கு வருகிறேன். எட்டோரே புகாட்டி என்பவர் 1881ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். 1909இல் அல்சேஸ் பகுதியில் உள்ள மோல்சைம் என்னும் சிற்றூரில் தம் தொழிற்சாலையை நிறுவினார். அரசர்கள் மட்டுமே வாங்கத்தக்க ஒரு வண்டியைச் செய்ய வேண்டும் என்பது அவரது கனவு. அதற்கு ‘ராயல்’ என்றே பெயர் சூட்டினார். அதன் எஞ்சினின் கொள்ளளவு 12.7 லிட்டர். நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் வண்டியாக விளங்கிய மாருதி 800இன் எஞ்சினோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 16 மடங்கு! வண்டியின் நீளம் 6 மீட்டருக்கும் மேல். எடை 3 டன்னுக்கும் மேல். முன்புறத்து ரேடியேட்டர் மூடியின்மேல் பின்கால்களில் எழுந்து நிற்கும் ஒரு யானை உருவம். எட்டோரேயின் தம்பியும் புகழ்பெற்ற சிற்பியுமான ரெம்ப்ராண்ட் புகாட்டி 1916இல் மறைந்துவிட்டார். அவர் வடித்த சிற்பத்தைத் தழுவியே அந்த யானை அமைக்கப்பட்டது.

இத்தகைய வண்டிகள் 25 செய்து விற்பது புகாட்டியின் திட்டம். ஆனால், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருவீழ்ச்சி அத்திட்டத்தைக் குலைத்தது. முழு உருப்பெற்று இன்றும் நிலைத்திருப்பவை 6 வண்டிகளே. அவற்றுள்ளும் அக்காலத்தில் வெளியாருக்கு விற்பனையானவை 3 மட்டுமே. அரசர் எவரும் வாங்கவில்லை. ஆயத்த ஆடை வணிகத்தில் செல்வம் ஈட்டிய பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஜெர்மானிய மருத்துவர் ஒருவர், படை அதிகாரியாக இருந்த ஆங்கிலேயச் செல்வர் ஒருவர் ஆகிய மூவரே வாங்கினர். ஆடை வணிகர் இரவில் வண்டி ஓட்டுவதில்லையாம். ஆகவே முன்விளக்குகளே வேண்டாம் என்று சொல்லி, விளக்கில்லாத திறந்த வண்டியாகக் கட்டுவித்துக்கொண்டார். வண்டிக்கென வடிவமைத்த பெரிய எஞ்சின்கள் பின்னர் பிரெஞ்சு ரயில் பெட்டிகளை இழுக்கப் பயன்பட்டன. அரசரைச் சுமக்க எண்ணியது பொதுமக்களைச் சுமந்தது.

நம் கதைக்கு உரியது இரண்டாவது வண்டி. ஜோசப் ஃபூக்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் சேஸிஸை வாங்கி, மியூனிக் நகரத்து லுட்விக் வைன்பெர்கர் பட்டறையில் கூரை மடங்கும் உடலைக் கட்டுவித்தார். 1932இல் வண்டி அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மருத்துவர் நாட்டை நீங்கினார். வண்டியும் அவருடன் சென்றது. சீனத்தில் சிறிது காலம் வாழ்ந்தார். அங்கும் போர் மூண்டது. மீண்டும் கடல் கடந்து வட அமெரிக்கக் கண்டத்தை அடைந்து, முடிவில் நியூயார்க் நகருக்கு வந்து சேர்ந்தார். வீட்டையும் நாட்டையும் விட்டவர் வண்டியை விடவில்லை.

நியூயார்க்கின் கடுங்குளிர் அவ்வண்டியை வீழ்த்தியது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளேயே உறைந்தது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். இரும்பு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அந்த விரிவைத் தாங்காது. எஞ்சின் வெடித்துப் பிளந்தது. பழுது பார்க்க வழியின்றி நின்ற வண்டி, முடிவில் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலம் அது. இரும்பை உருக்கிப் போர்க்கருவி செய்துகொண்டிருந்தனர்.

அந்த இரும்புக் கடையில் அதை அடையாளம் கண்டுகொண்டவர் சார்லஸ் செய்ன் என்னும் பொறியாளர். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் துணைத்தலைவராக உயர்ந்தவர். சில நூறு டாலரைத் தாண்டாத விலைக்கு அதை வாங்கினார். பிளந்த எஞ்சினைச் சீர்ப்படுத்தினார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கு பொருத்தினார். பழைய நிறத்தை மாற்றி வெண்மையும் பச்சையும் தீட்டினார். தாமும் மனைவியும் சில ஆண்டுகள் பயன்படுத்திய பின், 1950களின் இறுதியில், மிச்சிகன் மாநிலம் டியர்பார்ன் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக அளித்துவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவர், போட்டி நிறுவனத்தை உருவாக்கியவர் அமைத்த அருங்காட்சியகத்திற்கு அளித்தார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். இன்றும் அவ்வண்டி அங்கே காட்சிக்கு நிற்கிறது.

இதே ‘ராயல்’ வகையைச் சேர்ந்த மற்றொரு வண்டி, புகாட்டி குடும்பத்தாரிடமே விற்காமல் தங்கியிருந்தது. அது 1950இல் ஓர் அமெரிக்கரால் மிகச் சிறிய விலைக்கு வாங்கப்பட்டது. அவ்விலையில் குளிர்பதனப் பெட்டிகளும் அடங்கியிருந்தன என்று சொல்வதுண்டு. அதே வண்டி 1987ஆம் ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த ஏலத்தில் 55 இலட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. பழைய இரும்பு விலையும் இதுதான். 55 இலட்சம் பவுண்டும் இதுதான். இரண்டுக்கும் நடுவே இரும்பு வளரவில்லை. அதைப் பற்றிய அறிவு வளர்ந்தது, அதன்மேல் வேட்கை வளர்ந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விற்பவர் அறம் என்று நாம் பேசுகிறோம். ஆனால், அந்த இரும்புக் கடையில் பொருளின் தகுதியை அறிந்தவர் விற்றவரா, வாங்கியவரா? வாங்கியவரே அறிந்தவர். கடைக்காரர் எடைக்கு விற்றார். வாங்கியவர் தாம் அறிந்ததைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று நீங்கள் இல்லம் சென்று வாதிடலாம். அன்றைய நாளில் பிளந்த எஞ்சினோடு கிடந்த அவ்வண்டிக்கு வேறு எவரும் விலை கேட்கவில்லை என்பதும், அவர் வாராதிருந்தால் அது உருக்குலைக்குப் போயிருக்கும் என்பதும் ஒரு பக்கத்து நியாயம். தாம் பெற்றதைக் கடைசியில் பொதுமக்கள் பார்வைக்கே வழங்கினார் என்பது மற்றொரு நியாயம். நான் கொள்ளும் முடிவு ஒன்றே: கொடுக்கல் வாங்கலில் எவருக்கு அதிகம் தெரியுமோ, அவர் தோளிலேயே அறத்தின் சுமை அதிகம் ஏறுகிறது. பெரும்பாலும் அவர் விற்பவர். சிற்சில வேளை வாங்குபவர்.

துடைக்கப்படாத தூசி

அடுத்த வரலாறு பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. ரோஜே பையோன் என்பவர் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்தியவர். 1950கள் முதல் பழைய வண்டிகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். ஓர் அருங்காட்சியகம் அமைப்பது அவர் எண்ணம். 1970களில் தொழில் நலிந்தது. சேர்த்தவற்றுள் ஒரு பகுதியை விற்க நேர்ந்தது. எஞ்சியவை கொட்டகைகளிலும் தகரக் கூரைகளின் கீழும் கேட்பாரற்றுக் கிடந்தன. அவர் மறைந்து, அவர் மகனும் மறைந்த பின்னர், 2014இல் வாரிசுகள் ஏல நிறுவனத்தாரை அழைத்துக் காட்டினர்.

கொடிகள் படர்ந்து, துருவேறி, வரிசை வரிசையாக வண்டிகள். ஒரு கொட்டகையில் பழைய செய்தித்தாள்களும் இதழ்களும் குவிந்திருந்தன. அக்குவியலின் கீழே ஃபெராரி நிறுவனம் 1961இல் செய்த ‘கலிபோர்னியா ஸ்பைடர்’ என்னும் திறந்த வண்டி! முன்விளக்குகளைக் கண்ணாடி மூடியிருக்கும் அவ்வகையில் செய்யப்பட்டவை 37 மட்டுமே. புகழ்பெற்ற பிரெஞ்சு நடிகர் அலென் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த வண்டி அது. அவர் அதனோடு இருக்கும் பழைய புகைப்படங்களே அதற்குச் சான்று.

ஏல நிறுவனத்தார் அவ்வண்டியைத் துடைத்து மெருகிட்டு மேடையேற்றியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கண்டெடுத்த நிலையிலேயே, தூசியும் கறையும் கீறலுமாகப் பாரிஸ் நகரக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தனர். 2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஏலம் நடந்தது. அந்த ஒரு வண்டி மட்டும் 1 கோடியே 60 இலட்சம் யூரோவுக்கும் மேல் விலைபோயிற்று.

தூசியைத் துடைக்காமல் விட்டது சோம்பலால் அன்று. வாங்குபவர் அந்தத் தூசியில் ஓர் உறுதிமொழியைப் படித்தார்: ‘இதை யாரும் தொடவில்லை, எதையும் மாற்றவில்லை, எதையும் மறைக்கவில்லை.’ புதுவண்ணம் குறையை மூடும். தூசி எதையும் மூடுவதில்லை. உள்ளதை உள்ளவாறே காட்டுகிறது. குறையைக் காட்டினால் விலை குறையும் என்பது எல்லாச் சந்தைகளிலும் உள்ள அச்சம். குறையைக் காட்டியதனாலேயே விலை உயர்ந்த சந்தை இது. நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு வேறொன்றை நான் அறியேன்.

நீதிமன்றம் ஏறிய வண்டி

மூன்றாவது வரலாறு இங்கிலாந்தில். ‘பென்ட்லி’ நிறுவனத்தின் ஆறரை லிட்டர் எஞ்சின் கொண்ட ‘ஸ்பீடு சிக்ஸ்’ என்னும் திறந்த பந்தய வண்டி ஒன்று, 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் ‘லெ மான்’ நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. ‘பழைய முதல் எண்’ என்னும் பொருள்பட அதற்கு ஒரு செல்லப்பெயர் வழங்கியது. பந்தய வண்டிக்கு ஓய்வில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் உறுப்புகள் மாறும். 1932இல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தளத்தில் பெரிய விபத்துக்கு உள்ளாயிற்று. ஓட்டிய வீரர் உயிர் நீத்தார். வண்டி மீண்டும் கட்டப்பட்டது. எஞ்சின் மாறியது, உடல் மாறியது, சட்டகமும் மாறியது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதன் உரிமையாளர் அதனை 1 கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க ஒப்பிய நிறுவனம், ‘இது அந்தப் பழைய வண்டியே இல்லை’ என்று கூறி வாங்க மறுத்தது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 1990ஆம் ஆண்டு சூலையில் நீதிபதி ஆட்டன் தீர்ப்பு வழங்கினார்.

தமிழாசிரியனாகிய நான் அத்தீர்ப்பை வியந்து போற்றுவதற்குக் காரணம், அது அடிப்படையில் சொற்பொருள் ஆராய்ச்சி. மூலப்பொருள், ஏறத்தாழ மூலப்பொருள், உண்மையானது, மீட்டுருவாக்கியது, மறுபடைப்பு, போலி என ஒவ்வொரு சொல்லையும் நீதிபதி தனித்தனியே எடைபோட்டார். 1929இல் வென்ற உறுப்புகள் அவ்வண்டியில் ஏறத்தாழ ஏதும் இல்லை. ஆகவே ‘மூல வண்டி’ என்று அதைச் சொல்லக்கூடாது என்றார். ஆயினும், அவ்வண்டி ஒரே நாளில் அழிந்து வேறொன்று பிறக்கவில்லை. படிப்படியாக மாறி வந்தது. அதன் வரலாற்றில் முறிவு இல்லை. ஆகவே அது உண்மையான ‘பழைய முதல் எண்’ வண்டியே என்றும் தீர்ப்பளித்தார். உரிமையாளர் வென்றார்.

‘மூலம்’ என்ற சொல்லுக்கும் ‘உண்மை’ என்ற சொல்லுக்கும் உள்ள இடைவெளியில் 1 கோடி பவுண்டு ஊசலாடியது. சொல்லை அளந்து பேசுவது புலவர்க்கு மட்டும் உரிய வேலை என்று எண்ண வேண்டாம். வணிகர்க்கும் அதுவே வேலை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் இடத்தில், அவர்தம் நடுவுநிலையையும் பழிக்கு அஞ்சும் நெஞ்சையுமே முன்னிறுத்துகிறது. அவர்கள் குவித்த பண்டங்கள் மறைந்து போயின. அவர்கள் சொன்ன சொல்லின் நேர்மை நூலில் நிலைத்தது.

விற்பவர் விடைகூற வேண்டியவை

இவ்வரலாறுகளிலிருந்து, பழைய வண்டி விற்பவர் முன்வந்து விடைகூற வேண்டிய ஐந்து வினாக்களை நான் தொகுத்திருக்கிறேன். ஒன்று, சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துள்ளனவா? இரண்டு, இன்று மேலிருக்கும் உடல் முதலில் கட்டிய உடலா, பின்னர் மாற்றியதா? மூன்று, எந்த உறுப்பு எப்போது, எவரால், ஏன் மாற்றப்பட்டது? நான்கு, முதல் உரிமையாளர் தொடங்கி இன்றுவரை எவரெவர் கையில் இருந்தது, அதற்கான தாள்கள் உள்ளனவா? ஐந்து, விபத்து, வெள்ளம், தீ ஆகியவற்றுள் எதற்கேனும் உள்ளானதா? வாங்குபவர் கேட்ட பின் சொல்வது மறுமொழி; கேளாமுன் சொல்வதே வாய்மை.

நம் நாட்டிலும் இதற்கு இப்போது ஒரு சட்ட வடிவம் வந்துள்ளது. 2021ஆம் ஆண்டு சூலையில் நடுவண் அரசு பழமை வாய்ந்த வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதற் பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். வண்டி தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அவ்வாறு பதிவு பெற்றவற்றின் எண்பலகையில் ‘வி ஏ’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் அவற்றைப் பயன்படுத்த இயலாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். மூல வடிவம் என்பதை இவ்விதி ஒரு தகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, மாற்றியதை மாற்றவில்லை என்பது இனி வெறும் பேச்சுப் பிழையாக நில்லாது.

நம் வீட்டுக் கொட்டகைகள்

பெரியோர்களே, புகாட்டியும் ஃபெராரியும் நம்மில் எவர் வீட்டிலும் இருக்கப் போவதில்லை. ஆனால், தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, தாத்தா ஓட்டிய ஒரு மோட்டார் சைக்கிளோ பல வீடுகளின் பின்கட்டில் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கும், தேக்குமரப் பெட்டியும், சாவி கொடுக்கும் கடிகாரமும் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர் மறைந்த முப்பதாம் நாள், இடம் அடைக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகள் அவற்றை வெளியேற்ற விரைகின்றனர். பழைய பொருள் வாங்குபவர் வருகிறார். அப்போது அறிந்தவர் யார்? பெரும்பாலும் வாங்க வந்தவரே. கணவரை இழந்து நிற்கும் அந்த அம்மையாருக்கு விலையும் தெரியாது, பேரம் பேசும் மனமும் இராது.

இந்த அவையில் பழைய பொருள் வாங்கி விற்கும் தொழிலில் இருப்போர் சிலர் இருக்கலாம். அவர்களை இருகரம் கூப்பி வேண்டுகிறேன். எதிரில் நிற்பவருக்குத் தெரியாது என்பதை உங்கள் இலாபமாகக் கொள்ளாதீர்கள். ‘அம்மா, இது எடைக்குப் போடும் பொருளன்று; இதற்கு இன்ன மதிப்பு இருக்கிறது; என் கூலியும் இலாபமும் நீக்கி இவ்வளவு தருகிறேன்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அன்று இலாபம் சிறிது குறையலாம். அந்த வீட்டாரும், அவர் சுற்றத்தாரும், அவர்கள் சொல்லக் கேட்டவரும் அடுத்த முறை உங்களையே தேடி வருவர்.

விற்கும் வீட்டாருக்கும் ஒரு சொல். முதலில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்: இந்த வண்டி எப்போது வாங்கியது, யாரிடம் வாங்கியது, எங்கெல்லாம் போனது? அதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பதிவுச் சான்றையும், பழைய பழுதுபார்ப்புச் சீட்டுகளையும், அதன் முன்னே நின்று எடுத்த புகைப்படத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மாணவச் செல்வங்களே, விடுமுறையில் செய்யத்தக்க நல்ல பணி இது. பிரான்சில் ஒரு புகைப்படம் ஒரு வண்டியின் வரலாற்றுக்குச் சான்று பகர்ந்ததைச் சொன்னேன். வரலாறு எழுதப்படாத பொருள் எடைக்குத்தான் போகும். எழுதப்பட்ட பொருளே மதிப்புக்குப் போகும்.

விற்றுவிட்டால் பொருளை இழந்துவிட்டோம் என்று வருந்துவோரும் உண்டு. மூன்று கண்டங்களுக்கு வண்டியைச் சுமந்து திரிந்த அந்த மருத்துவராலும் அதைக் கடைசிவரை வைத்திருக்க இயலவில்லை. பொருள் எவர் கையிலும் நிலையாக நிற்பதில்லை. கைமாறிக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. நம் கையில் இருந்த காலத்தில் அதற்கு நேர்ந்தவற்றை மறைக்காமல் சொல்லி, அடுத்தவர் கையில் ஒப்படைப்பது நம் கடன். அவ்வாறு ஒப்படைத்தால் வண்டியோடு நம் சொல்லும் பயணம் செய்யும். அடுத்தவர் அதை விற்கும்போது, ‘எனக்கு விற்றவர் இவ்வாறு சொன்னார், அது உண்மையாகவே இருந்தது’ என்று சொல்வார். வணிகர் ஒருவர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லத்தக்க சொத்து அதனினும் உயர்ந்தது ஏது?